நூல்ல முடிஞ்ச நம்பர்

அந்த நம்பரத் தொலைச்சது நாந்தானுங்க. எங்க வேலம்பாளையத்துல ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க. ரேடியோக்காரன் மேல தப்பு, கம்பெனிக்காரன் மேல தப்புங்கறாங்க. இருக்கட்டும். சீனியம்மா நாப்பது வருசமாத் தேடுன மகன் ரேடியோவுல தன்ற நம்பரச் சொன்னப்ப, அந்த ரேடியோ முன்னால குத்த வெச்சு உக்காந்திருந்தது நானு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சீனியம்மா என்ற லைன் ஊட்டுல மூணாவது ரூம்புல இருக்கறா. பதினெட்டு வருசம் ஆச்சு. வந்தப்ப புருசன் காசிமாயனும் கூட இருந்தான். கோத்தகிரிப் பக்கம் தேயிலத் தோட்டத்துல ரெண்டு பேரும் வேல செஞ்சுட்டு, முடியாமக் கீழ எறங்கி வந்தவிய. வந்த மூணாம் வருசம் அவன் இருமி இருமியே போய்ச் சேந்துட்டான். இவ பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுற வேலைக்குப் போறா. அறுவத்தஞ்சு வயசு. கையில கத்திரி எடுத்தா சின்னப் புள்ளைக தோத்துப் போவாங்க.

எல்லாரும் அவளச் சிலோன்காரின்னுதான் கூப்புடுவாங்க. நானும் அப்படித்தான் கூப்புட்டேன். ஒருநா அவ சொன்னா, "அக்கா, அங்க எங்கள இந்தியாக்காரின்னாங்க, இங்க வந்தா சிலோன்காரிங்கிறீங்க. செத்தா எந்த ஊருக்காரின்னு எழுதுவாங்க?"

"செத்தவளுக்கு எதுக்குடி ஊரு? மொதல்ல வாடகையக் குடு"ன்னேன். சிரிச்சா. அப்ப சிரிப்பா.

அவளோட பாட்டன் காலத்துல இங்கருந்து தேயிலை பறிக்கக் கடல் தாண்டிப் போன குடும்பம். ரொம்ப காலம் கழிச்சு ரெண்டு நாட்டுப் பெரிய மனுசனுகளும் உக்காந்து, இத்தன பேரு உனக்கு, இத்தன பேரு எனக்குன்னு பங்கு பிரிச்சுக்கிட்டாங்களாமா, பட்டியில ஆடு பிரிக்கற மாதிரி. இவ ஊட்டுக்காரன் இந்தப் பக்கம் விழுந்தான். இவ தங்கச்சி அந்தப் பக்கம் விழுந்தா.

கப்பல் ஏறுன அன்னிக்கு இவ மகன் பாண்டித்துரைக்கு நாலு வயசு. ஒடம்பெல்லாம் மணல்வாரி அம்மை போட்டிருக்குது. அந்தப் புள்ளையக் கப்பல்ல ஏத்த மாட்டோம்னுட்டாங்க. காசிமாயன், "இந்தக் கப்பல உட்டா சீட்டுக் காலாவதி ஆயிரும். பையன் ஒந்தங்கச்சிகிட்ட இருக்கட்டும், அடுத்த கப்பல்ல அவளே கொண்டாந்து உட்டுருவா"ன்னிருக்கான். இவ புள்ளையத் தங்கச்சி மடியில போட்டுட்டு, "டொபி முட்டாய் வாங்கிட்டு வாறேன் சாமி"ன்னு பொய் சொல்லீட்டு ஏறிட்டா.

கலவரத்துல அந்தக் கப்பலையே நிறுத்திப் போட்டாங்க. அடுத்த கப்பல்னு ஒண்ணு வரவே இல்ல.

கடுதாசி போட்டாளாமா. ஒண்ணு ரெண்டுக்குப் பதில் வந்துச்சு. அப்புறம் தங்கச்சி குடும்பம் அடி ஒதைக்குப் பயந்து தோட்டத்த உட்டுட்டு வடக்க எங்கியோ காட்டுப் பக்கம் போயிட்டாங்கன்னு யாரோ எழுதுனாங்க. அதோட சரி. அப்புறம் அந்தக் காட்டுலதான் பெரிய சண்டை நடந்துச்சு.

அவளுக்கு மிஞ்சுனது ரேடியோ ஒண்ணுதான்.

ரேடியோன்னா இப்ப கம்பெனிகள்ல டைலருங்க காதுல மாட்டிட்டுக் கேக்கறாங்களே, அது இல்லீங்க. அது நம்ம ஊர் எல்லை தாண்டாது. கடல் தாண்டி வர்ற அலைக்கு மீடியம்னு பேரு. அக்கரையில ஒரு ரேடியோக்காரங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வெடியால அஞ்சரைக்கு, காணாமப் போனவங்களத் தேடற கடுதாசிகளப் படிப்பாங்க. சண்டையில பிரிஞ்சவங்க, கப்பல்ல பிரிஞ்சவங்க, கேம்ப்புல பிரிஞ்சவங்க. அங்கருந்தும் எழுதுவாங்க, இங்கருந்தும் எழுதுவாங்க. இன்னாரு மகன் இன்னாரு, இந்தத் தோட்டம், இந்த வருசம் பிரிஞ்சது, தெரிஞ்சவங்க இந்த நம்பருக்குப் பேசுங்க. அவ்வளவுதான். நடுவால பாட்டு ஒண்ணும் கெடையாது. நான் ஒருக்கா கேட்டுட்டு, "ஏன்டி, இதையா வாராவாரம் கேக்கற? எழவு ஊட்டுல போயி உக்காந்த மாதிரி இருக்குது"ன்னேன்.

"எழவு ஊட்டுல ஆளுக வருவாங்கக்கா. இங்க அது கூட இல்ல"ன்னா.

அவளும் ஆறு வருசத்துல நாலு கடுதாசி எழுதிப் போட்டா. ரெண்டு படிச்சாங்க. ஒண்ணும் வரல.

அந்த ரேடியோ எங்க வேலம்பாளையத்துல கேக்காது. பக்கத்துப் பக்கத்துல நிட்டிங் மிசினு, பட்டன் மிசினு, பல்பு, இன்வெட்டரு. மீடியத்தத் திருப்புனா வண்டு கூட்டுக்குள்ள தலைய உட்ட மாதிரி இரையும். அதனால சனிக்கெழம ஷிப்டு முடிஞ்சதும் டவுன் பஸ் ஏறி அவினாசி போயி, அங்கருந்து சேவூர் போவா. அங்க என்ற தம்பி வெள்ளியங்கிரியோட தோட்டம் இருக்குது. பொழுது ஏறிட்டா அந்த ரேடியோ மங்கிரும். அதனால இருட்டுப் பிரியறதுக்கு முன்னாலயே ஊட்ட உட்டு ஒதுங்கி, கெணத்து மேட்டுல போயி உக்காந்து கேப்பா. மொதல்ல என்ற தம்பி பொண்டாட்டி பொன்னாத்தா, "ஏனுங்க நங்கை, இந்தம்மா என்ன வாராவாரம் கெணத்து மேட்டுல போயி உக்காருது? உழுந்து கிழுந்து தொலைச்சா நம்ம தலையிலல்ல உழும்?"னு எங்கிட்டக் கேட்டா. வெவரம் சொன்னதுக்கு அப்புறம் அவளே காப்பித்தண்ணி கொண்டு போயிக் குடுப்பா.

போன கார்த்திகையில அவ கம்பெனியில பெரிய ஆர்டரு. கண்டெய்னர் ஞாயித்துக்கெழம மத்தியானம் கெளம்போணும். சனிக்கெழமயே சூப்பர்வைசர் சொல்லிட்டான், பிசிறு வெட்டறவிய ஒருத்தரும் போகப்படாதுன்னு. சீனியம்மா எங்கிட்ட வந்து நின்னா.

"அக்கா, ஒரே ஒரு வாரம். நீங்க போயிக் கேட்டுட்டு வாங்க."

"நான் என்னத்தடி கேக்கறது? எல்லாப் பேரும் ஒண்ணாட்டத்தான் இருக்குது."

"பாண்டித்துரை. காசிமாயன். சீனியம்மாள். இந்த மூணு பேரும் சேந்து வந்தாப் போதும்."

ஆறு வருசமா வராதது இந்த வாரமா வரப்போகுதுன்னு நெனச்சுட்டுத்தான் போனேன். தம்பி ஊட்டுல நாலு நா தங்கிட்டு வரலாம்ங்கற ஆசை எனக்கு.

வெடியால பனி. தம்பி பால் சொசைட்டிக்குப் போயிட்டான். பொன்னாத்தா மாட்டுச் சாலையில சாணி அள்ளிட்டிருந்தா. அவளும் என்னாட்டப் படிக்காதவதான். நான் மட்டும் கெணத்து மேட்டுல, தலைக்கு முக்காடு போட்டுட்டு, கொட்டாவி உட்டுட்டு உக்காந்திருக்கேன். ஏழோ எட்டோ கடுதாசி போச்சு. அப்புறம் அந்தப் பொம்பள தெளிவாப் படிக்கறா:

"அடுத்ததாக, பாண்டித்துரை எழுதுகிறார். எனது தாயார் சீனியம்மாள், தகப்பனார் காசிமாயன். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது கப்பலில் இந்தியா சென்றார்கள்."

முக்காட்டத் தள்ளிட்டு ரேடியோகிட்டக் காதக் கொண்டு போனேன். ஊர் பேரு சொல்றா, காதுல ஏறல. தொலைபேசி இலக்கம்ங்கறா. அதுதான் நம்பர்னு எனக்குத் தெரியும்.

நானும் ஒரு காலத்துல பேக்கிங்ல வேல செஞ்சவதான். படிக்காத பொம்பளைக நாங்க பீஸ் எண்ணறதுக்கு ஒரு வழி வெச்சிருந்தோம். வேஸ்ட் நூல எடுத்து டஜனுக்கு ஒரு முடிச்சுப் போடுவோம். சாயங்காலம் முடிச்ச எண்ணிச் சொன்னா சூப்பர்வைசர் நோட்டுல இருக்கறதும் எங்க நூல்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கும். ஒரு நாளும் தப்புனதில்ல. அந்தப் பழக்கத்துல என்ற சுருக்குப்பையில எப்பவும் நூல் கெடக்கும். உருவுனேன். ஏழுன்னா ஏழு முடிச்சு, அப்புறம் ஒரு வெரக்கட எடம் உட்டு அடுத்தது. சைபர்னா ஒரு வளையம்.

புத்தி எங்க போச்சு பாருங்க. பீஸு எண்ணறப்ப நாம போற வேகத்துக்குத்தான் பீஸு வரும். ரேடியோ அப்படியா நிக்கும்? அவ பாட்டுக்கு மளமளன்னு சொல்லிட்டுப் போறா. ஒம்போதுன்னு சொன்னா நான் ஒம்போது முடிச்சுப் போடறதுக்குள்ள அவ அக்கட்டால மூணு நம்பர் போயிட்டா. ரெண்டாந் தடவ சொன்னா. அப்பவும் எட்டு நம்பர் வரைக்குந்தான் என்ற கையி போச்சு. கடைசி ரெண்டும் போச்சு. "இன்னொருக்கா சொல்லு சாமி, ஒரே ஒரு தடவ"ன்னு ரேடியோப் பொட்டியப் புடிச்சுக் கத்துனேன். பொன்னாத்தா சாணிக் கையோட ஓடி வந்தா. "என்னாச்சுங்க நங்கை"ன்னு அவ கேக்கறா, அங்க அடுத்த கடுதாசி ஆரம்பிச்சாச்சு.

மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டேன். நூல மடியில கூட வெக்கல, உள்ளங்கையிலயே புடிச்சிருந்தேன்.

சீனியம்மா கம்பெனி கேட்டுக்கிட்டயே போயி நின்னு கூப்புட்டேன். துணிப் பிசிறு தலையெல்லாம் ஒட்டிட்டு வந்தா. சொன்னேன். கேட்டுலயே உக்காந்துட்டா. "உசுரோட இருக்கானா"ன்னு மட்டும் கேட்டா. "கடுதாசி எழுதிருக்கான்டி, செத்தவன் எழுதுவானா"ன்னேன். என்ற கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அந்தக் கைதான் கெடுத்துச்சுன்னு அப்ப அவளுக்குத் தெரியாது.

என்ற மருமக சுபஸ்ரீ எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரு. வெள்ளக்காரங்கிட்ட எல்லாம் மெயில்ல பேசறவ. அவதான் நூல விரிச்சு வெச்சு எழுதுனா.

"ஏனுங்கத்தை, போன்ல ரெக்கார்டு பண்ணியிருக்கலாமில்லீங்க?"

"எனக்குப் பச்சை அமுக்கினாப் பேசலாம், செகப்பு அமுக்கினா நிக்கும், அவ்வளவுதான் தெரியும். நீ என்னிக்காவது சொல்லிக் குடுத்தியா?"

அவ நூல வெளிச்சத்துக்குத் திருப்பி வெச்சா. ஆனா நூல்ல அஞ்சாவது எடத்துல முடிச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்துச்சு. ஏழா எட்டான்னு எனக்கே தெரியல. அவிழ்த்துப் பாக்கலாம்னு போயி இன்னும் இறுக்கிட்டேன். கடைசி ரெண்டு தெரியாததுக்கு நூறு நம்பர், இந்த ஏழு எட்டுக்கு இன்னொரு நூறு. ஆக எரநூறு.

எரநூறையும் அடிச்சோம்ங்க. பத்து நா. சுபஸ்ரீ ஆபீஸ் போறதுக்கு முன்னால, சீனியம்மா ஷிப்டு போறதுக்கு முன்னால, என்ற ஊட்டு முன் ரூம்புல உக்காந்து. பாதி நம்பர் இல்லவே இல்லைன்னுச்சு. கொஞ்சம் பேரு சிங்களத்துல பேசுனாங்க. இவ சின்னப் புள்ளையில கேட்டத வெச்சு ஒண்ணு ரெண்டு வார்த்த சொல்லி, மன்னிச்சுக்கோன்னு வெச்சுருவா. ஒரு எடத்துல ஒரு அம்மா எடுத்துச்சு. "பாண்டித்துரை இருக்காரா"ன்னு சீனியம்மா கேட்டதும், அந்தம்மா, "நீங்க என்ட மகனப் பத்திச் சொல்லத்தானே எடுத்தீங்க?"ன்னு கேட்டு அழுகுது. அதும் மகனத் தொலைச்சுட்டு அதே ரேடியோவுக்கு எழுதிப் போட்டிருக்குதாமா. நம்ம போன் வந்ததும் அதுக்குத்தான்னு நெனச்சிருச்சு. வெக்கவே உடல. வெச்சதுக்கு அப்புறமும் ரெண்டு தடவ கூப்புட்டுச்சு. அன்னிக்கு அதுக்கு மேல அடிக்கறதுக்கு எங்க யாருக்கும் தெம்பில்ல.

எரநூறும் முடிஞ்சுது. அவன் இல்ல. அப்ப நான் வேற எங்கியோ ஒரு முடிச்சத் தப்பாப் போட்டிருக்கேன். எங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

ரேடியோ ஆபீசுக்கு சுபஸ்ரீ மெயில் போட்டா. போன் பண்ணா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கடுதாசியும் போட்டோம். ஒண்ணு மட்டும் கேக்கறேன். இவ கடுதாசியும் அந்த ஆபீசுலதான் கெடந்துச்சு, அவன் கடுதாசியும் அங்கதான் வந்துச்சு. ரெண்டுலயும் அதே மூணு பேரு. படிக்கறதோட வேல முடிஞ்சுதுன்னு இருந்திருக்காங்க. ஒண்ணையும் இன்னொண்ணையும் சேத்துப் பாக்கோணும்னு ஒரு நாதிக்கும் தோணல. நான் படிக்காதவ, முடிச்சுல கோட்ட உட்டேன். படிச்சவிய எதுல கோட்ட உட்டாங்க?

அதுக்கப்புறம் சீனியம்மா ஞாயித்துக்கெழம ஷிப்டுக்கு வர மாட்டேன்னு சொல்லிப் போட்டா. வேலைய உட்டு எடுத்தாலும் எடுத்துக்கோன்னுட்டா. மாசி மாசத்தோட மீடியத்த நிறுத்தப் போறம்னு ரேடியோவுல வேற சொல்லிட்டிருந்தாங்க. இனிமே கேக்கறவங்க போன் ஆப்புல கேட்டுக்கோணுமாம். அலை அனுப்பற தூணும் மிசினும் பழசாப் போச்சாமா, கரண்டு செலவு கட்டலையாமா. அவன் மறுபடி எழுதுனா இந்த மூணு மாசத்துக்குள்ள எழுதோணும். வாராவாரம் ரெண்டு பேரும் போனோம். சுபஸ்ரீ போன்ல ரெக்கார்டு போட்டுக் குடுத்து அனுப்புவா.

மாசியில, கடைசிக்கு முந்தின ஞாயிறு. அவன் எழுதியிருந்தான்.

"எனது அறிவித்தலுக்கு எவரும் தொடர்பு கொள்ளவில்லை. கப்பலிலேயே தாயார் இறந்துவிட்டதாகச் சித்தி சொல்லி வளர்த்தார். நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். தை அமாவாசையன்று தாய் தகப்பன் இருவருக்கும் கடற்கரையில் கடமைகளைச் செய்து முடித்துவிட்டேன். என் பிள்ளைகளும் தண்ணீர் விட்டார்கள். இத்தனை காலம் வாசித்த வானொலிக்கு நன்றி."

நம்பர் சொல்லல. காரியம் முடிச்சவன் எதுக்கு நம்பர் சொல்றான்?

பொன்னாத்தா கொண்டாந்த காப்பி ஆறி ஆடை கட்டிருச்சு. சீனியம்மா சேலையில ஒட்டியிருந்த புல்லு ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டா. "பிள்ளைகளும் தண்ணி உட்டாங்களாம். அப்ப ரெண்டு மூணு இருக்கும்"னா. பஸ்ஸுல வர்றப்ப என்ற தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. செத்த பொணமாட்டக் கனத்துச்சு.

பங்குனி பொறந்து பத்து நா கழிச்சு சுபஸ்ரீ மெயிலுக்குப் பதில் வந்துச்சு. அங்க புதுசா வேலைக்குச் சேந்த புள்ள ஒண்ணு, பழைய கடுதாசியெல்லாம் சாக்குல கட்டிக் கெடந்துச்சு, தேடி எடுத்தேன்னு நம்பர அனுப்பிருச்சு. நான் போட்ட முடிச்சுல ஏழாவது எடம் தப்பு. ஆறுக்கு அஞ்சு போட்டிருக்கேன்.

நான் குதிச்சேன். "அடிடீ போன"ன்னேன். சீனியம்மா எந்திரிச்சு மொகம் கழுவிட்டு வந்தா. தலைய ஒதுக்கிட்டா. சுபஸ்ரீ நம்பர அழுத்தி ஸ்பீக்கர்ல போட்டு அவ முன்னால வெச்சா.

நாலு தடவ அடிச்சுது. எடுத்தான். "ஹலோ, யாரு?" பின்னால ஒரு பொட்டப் புள்ள சோறு கேட்டுக் கத்துது. "பொறு மகள், அப்பா கதைக்கிறன்"னு சொல்லிட்டு மறுபடி, "ஹலோ, யாருங்க பேசுறது?"ன்னான். காசிமாயன் கொரலே தான். இருமல் மட்டும் இல்ல.

சீனியம்மா வாயத் தொறந்தா. நான் சாமி கும்புட்டேன்.

"நம்பரு மாறிப் போச்சுங்க. வெச்சர்றனுங்க"ன்னா.

பதினெட்டு வருசத்துல எங்க பேச்சு அவ வாயில நான் கேட்டதில்ல. அன்னிக்கு என்னாட்டவே பேசுனா, கவுண்டச்சி மாதிரி. போன அமத்திப் போட்டா.

"அடிப்பாவி, என்னடி பண்ணிப்போட்ட?"ன்னு அவ தோளப் புடிச்சு ஆட்டுனேன். சுபஸ்ரீ அழுகறா.

"செத்தவகிட்ட யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கக்கா"ன்னா. "உசுரோட இருக்கறவகிட்ட நாப்பது வருசத்துக்குக் கணக்குக் கேப்பான். ஏன் ஏறுனன்னு கேப்பான். என்னத்தச் சொல்ல? அழுது முடிச்சுட்டான், புள்ளைங்க தண்ணி உட்ருச்சுங்க. மறுபடி எந்திரிச்சு வந்தா அவன் தாங்க மாட்டான்."

"அவன் தாங்குவான்டி, நீதான் தாங்க மாட்ட"ன்னேன். ஆமான்னு தலையாட்டுனா.

அப்ப போன் அடிச்சுது. அதே நம்பர். சுபஸ்ரீ எடுக்கப் போனா, சீனியம்மா அவ கைய இறுக்கிப் புடிச்சுட்டா. எனக்குப் பச்சை எதுன்னு தெரியும். நான் எடுத்திருக்கலாம். கைய நீட்டுனேன், அவ என்னப் பாத்தா, நான் கைய இழுத்துக்கிட்டேன். அதுக்கும் இப்ப வரைக்கும் எனக்கு வெவரம் தெரியல.

போன் மேசை மேல அதும் பாட்டுக்கு அடிச்சு அடிச்சு நின்னுது. மறுபடி அடிக்கல.

அவ செருப்ப மாட்டிக்கிட்டு மத்தியான ஷிப்டுக்குப் போயிட்டா.